கண்ணாடி மேல் விழுந்த சாலை

ஒரு காட்டில் ஒரே ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. காடு பெரிது, மிருகங்கள் ஆயிரக்கணக்கில், கம்ப்யூட்டர் ஒன்று. ஆகவே அந்தக் காட்டில் வரிசையும் இருந்தது.

மின்சாரம் எங்கிருந்து வந்தது என்று கேட்கக் கூடாது. முயல் பேசும் என்பதை ஒப்புக்கொண்டு கதை கேட்க உட்கார்ந்தவர்கள் இதையும் ஒப்புக்கொண்டுவிடுவது நல்லது.

முன்பெல்லாம் அங்கே எல்லை என்பது மூக்கு சம்பந்தப்பட்ட விவகாரம். நரி ஒரு புதரடியில் காலைத் தூக்கிவிட்டுப் போனால் அந்தப் புதர் நரியுடையது. அடுத்து வருகிறவர் மோந்து பார்ப்பார், ஒதுங்கிப் போவார். மழைக்காலத்தில் மட்டும் கொஞ்சம் தகராறு வரும். இது நாகரிகமாக இல்லை என்று சிங்கராஜாவுக்கு யாரோ சொல்லிவிட்டார்கள். உடனே காட்டின் வரைபடம் கம்ப்யூட்டரில் ஏற்றப்பட்டது. வனக்காவலர் விட்டுப்போன ஓட்டு வீட்டில் எல்லைப் பதிவு அலுவலகம் திறக்கப்பட்டது. அதிகாரியாக உடும்பு தணிகாசலம் நியமிக்கப்பட்டார். ஒன்றைப் பிடித்தால் விடமாட்டார் என்பதுதான் அவருடைய ஒரே தகுதி. அந்த வேலைக்கு அதற்கு மேல் தேவைப்படவும் இல்லை.

தணிகாசலத்தின் அலுவலகத்தில் இரண்டு சட்டம் முக்கியம். திரையில் தெரிவதுதான் மூலம், தாளில் இருப்பது வெறும் நகல். இது ஒன்று. இன்னொன்று, வரைபடத்தை யாரும் அசைக்கக் கூடாது. காடு பெரிது, திரை சிறிது. காட்டின் ஒரு துண்டுதான் திரைக்குள் அடங்கும். எந்தத் துண்டு என்று முடிவுசெய்யும் உரிமை ராஜாவுக்கு மட்டும். வருஷத்துக்கு ஒரு தடவை அவர் வந்து, மேளம் கொட்ட, மவுஸின் மேல் பாதம் வைத்து வரைபடத்தை ஒருமுறை நகர்த்துவார். எந்தப் பகுதி திரைக்குள் வந்து நிற்கிறதோ அந்தப் பகுதிக்கு அந்த வருஷம் முழுக்க அலுவல் நடக்கும். மற்றவர்கள் அடுத்த வருஷம் வரை காத்திருக்க வேண்டும். மீதி நாட்களில் மவுஸின் மேல் ஒரு பித்தளைச் செம்பைக் கவிழ்த்து வைத்திருப்பார்கள்.

அந்த வருஷம் கள்ளிமேட்டுப் பக்கம் திரைக்குள் வந்திருந்தது. கள்ளிமேட்டுக்காரர்கள் சந்தோஷப்பட்டார்கள். ஆபீஸின் கண்ணில் படுவது அதிர்ஷ்டம் என்று நினைக்கிற வயது எல்லோருக்கும் ஒன்று இருக்கிறது.

கள்ளிமேட்டில் காத்தாயி என்று ஒரு முயல். சந்தையில் கிழங்கு விற்பவள். புருஷனைக் கழுகு தூக்கிக்கொண்டு போன பிறகு அவளே வளை தோண்டி, அவளே கடை போட்டு, அவளே சண்டை போட்டு நிமிர்ந்தவள். கரடி உட்பட யாரும் அவளிடம் பேரம் பேசி ஜெயித்ததில்லை. வளைக்குள் நாலு குட்டி. பிறந்து மூன்றே நாள். கண் திறக்கவில்லை, மேலே மயிர் முளைக்கவில்லை. வெளியே எடுத்தால் ஒரு பொழுது தாங்காது.

ஒரு திங்கட்கிழமை காலையில் அவள் வளை வாசலில் நோட்டீஸ் ஒட்டியிருந்தது. மேற்படி வளை பொதுச் சாலையின் நட்ட நடுவில் அமைந்திருக்கிறது, வெள்ளிக்கிழமைக்குள் காலி செய்ய வேண்டும், தவறினால் கான்ட்ராக்டர் யானை வந்து மிதித்துச் சமன் செய்வார் என்று அதில் எழுதியிருந்தது.

காத்தாயி கிழக்கே பார்த்தாள். கள்ளி. மேற்கே பார்த்தாள். அங்கேயும் கள்ளி. சாலை எந்தப் பக்கமிருந்தும் வரவில்லை. நோட்டீஸைக் கிழித்து எடுத்துக்கொண்டு நேராக ஆபீஸுக்குப் போனாள். போய் வரிசையில் நின்றாள். வரிசையில் நின்றால் நியாயம் கிடைக்கும் என்று சொன்னவன் எந்த வரிசையிலும் நின்றவன் இல்லை.

அவளுக்கு முன்னால் பதினைந்து தவளைகள் நின்றன. தோலெல்லாம் காய்ந்து பொருக்குத் தட்டியிருந்தது. என்ன விஷயம் என்று கேட்டாள். போன கோடையில் திரையில் கள்ளிமேட்டின் மேல் பச்சைச் சதுரங்கள் தோன்றியதாகவும், அவை குளங்கள் என்று பதிவானதாகவும், குளம் இருந்தால் தவளை இருக்கவேண்டும் என்று தங்களை ஓடையிலிருந்து கிளப்பி அங்கே குடிவைத்ததாகவும் மூத்த தவளை சொன்னது.

"தண்ணி எப்ப வரும்னு கேக்கத்தான் வாராவாரம் வர்றோம். பதிவுல தண்ணி இருக்குங்கறாரு. நாங்கதான் சரியா நனையலையாம்."

தவளைகளை அடுத்த வாரம் வரச் சொல்லி அனுப்பிவிட்டு, தணிகாசலம் காத்தாயிக்குத் திரையைத் திருப்பிக் காட்டினார். கள்ளிமேடு தெரிந்தது. அவள் வளை ஒரு புள்ளியாகத் தெரிந்தது. அந்தப் புள்ளியின் மேல், திரையின் உச்சியிலிருந்து அடிவரைக்கும் ரோஸ் நிறத்தில் ஒரு கோடு நேராக இறங்கியிருந்தது. விரல் அகலம்.

நேற்று வரை இந்தக் கோடு இல்லையே என்று காத்தாயி கேட்டாள். நேற்று வரை பரிசீலனையில் இருந்திருக்கும் என்றார் தணிகாசலம்.

காத்தாயிக்குத் தெரிந்த ஒரே கலை பேரம். அதில் இறங்கினாள். கோடு நாலு முழம் கிழக்கே தள்ளிப் போகட்டும் என்றாள். முடியாது. சரி, இரண்டு முழம். முடியாது. கோடு அகலத்தைப் பாதியாகக் குறைத்தால் வளையின் ஒரு ஓரமாவது தப்பும் என்றாள். குட்டிகள் கண் திறக்கும்வரை பத்து நாள் தவணை என்றாள். எதற்கும் தணிகாசலம் மசியவில்லை, கோபப்படவும் இல்லை. எதிராளி ஒரு விலை சொன்னால்தான் பேரம். விலையே சொல்லாதவனிடம் பேசுவது சுவரில் முட்டிக்கொள்வது.

கடைசியில், அந்தக் கோடு சாலை இல்லையென்றால் வேறு என்ன என்று விஷயம் தெரிந்தவர் யாராவது வந்து நிரூபிக்கட்டும் என்று சொல்லி, ஏழாம் நம்பர் படிவம் ஒன்றைக் கொடுத்தார்.

காத்தாயி மறுநாள் மரங்கொத்தி அருமைநாயகத்தைக் கூட்டி வந்தாள். டார்ச், ரேடியோ, ஃபேன் எது ரிப்பேரானாலும் காட்டில் அவர்தான். எந்தப் பெட்டியாக இருந்தாலும் முதலில் அலகால் மூன்று கொத்து கொத்துவார், தலையைச் சாய்த்துக் கேட்பார், பிறகு உண்மையைச் சொல்வார். கொத்துவதில் யாருக்கும் ஆட்சேபம் இருந்ததில்லை. உண்மையைச் சொல்வதால்தான் அவருக்கு வாடிக்கை குறைவு.

கம்ப்யூட்டரை மூன்று கொத்து கொத்தினார். கேட்டார். பிறகு திரைக்குப் போகிற கேபிளைக் கழற்றி வேறு கேபிள் மாட்டினார். கோடு இருந்தது. சந்தையிலிருந்து கரடி கடை டிவியைத் தூக்கி வரச்சொல்லி, திரைக்குப் பதில் அதை மாட்டினார். அதிலும் அதே இடத்தில் அதே ரோஸ் கோடு. ஆக, தப்பு கேபிளில் இல்லை, திரையிலும் இல்லை, பெட்டிக்குள்ளே இருக்கிறது என்று விளக்கினார்.

தணிகாசலம் கவனமாகக் கேட்டுக்கொண்டார். ரிஜிஸ்டரை எடுத்து, மேற்படி சாலைக்கு இப்போது இரண்டு திரைகள் சாட்சி என்று எழுதிக்கொண்டார்.

அருமைநாயகம் அசரவில்லை. வரைபடத்தைத் தாளில் ஒரு பிரிண்ட் எடுங்கள் என்றார். திரையில் படம் காட்டுவதற்குத்தான் உள்ளே ஒரு கார்டு வேலை செய்கிறது. தாளில் அடிப்பதற்கு அந்தக் கார்டு தேவையில்லை. ஆகவே உள்ளது உள்ளபடி வரும் என்றார். பிரிண்ட் வந்தது. கள்ளி இருந்தது, மேடு இருந்தது, வளை இருந்தது. கோடு இல்லை. காத்தாயியின் இரண்டு காதும் நிமிர்ந்து நின்றன.

தணிகாசலம் தாளை வாங்கித் திரைக்குப் பக்கத்தில் பிடித்து ஒப்பிட்டுப் பார்த்தார்.

"நகல்ல சாலை விட்டுப்போயிருக்கு" என்றார்.

மேஜை டிராயரிலிருந்து ஸ்கேலும் சிவப்புப் பென்சிலும் எடுத்தார். தாளின் உச்சியிலிருந்து அடிவரைக்கும், வளை மேல் பிசகாமல், நேராக ஒரு கோடு போட்டார். கீழே, மூலத்துடன் ஒத்துப்பார்த்துத் திருத்தப்பட்டது என்று எழுதி, சீல் வைத்து, ஊதிக் காயவைத்தார்.

காத்தாயியின் காதுகள் படுத்துவிட்டன. காலையில் அவள் வீட்டு மேல் ஒரு சாலைதான் இருந்தது. இப்போது திரையில் ஒன்று, டிவியில் ஒன்று, சீல் வைத்த தாளில் ஒன்று.

கம்ப்யூட்டரை ஒருமுறை அணைத்துப் போடச் சொன்னார் அருமைநாயகம். போட்டதும் திரை கறுப்பாக இருந்தது. மூலையில் நாலு வெள்ளை எழுத்து. நடுவில் ரோஸ் கோடு.

"சார், இன்னும் வரைபடமே வரல. அதுக்குள்ள கோடு வந்தாச்சு. நிலம் வர்றதுக்கு முன்னாடி ரோடு எப்படி சார் வரும்?"

"ரோடுதான் முன்னாடி வரும். நிலம் அப்புறம்தான் அதுக்குத் தக்கபடி விலகிக்கும்" என்றார் தணிகாசலம். அனுபவத்திலிருந்து சொன்னார், அதை மறுக்க முடியவில்லை.

அப்புறம்தான் அருமைநாயகம் பெட்டியைத் திறந்தார். உள்ளே ஒட்டடை. குட்டி ஃபேன் ஒன்று முனகிக்கொண்டு சுற்றியது. அதற்கு அடியில் இருந்த கார்டை அலகால் தொட்டவர் சட்டென்று பின்வாங்கினார். சூடு.

"இதுதான் கிராபிக்ஸ் கார்டு. படம் காட்டுறது இதோட வேலை. இதுல ஒரு இடம் வெந்துபோச்சு. சூடானா கோடு போடும், குளுந்தா மறைச்சுக்கும். இன்னும் சூடானா பச்சைக் கட்டம் கட்டமாப் போடும். இது சாகப்போற கார்டு சார். புதுசு போட்டா எல்லாம் தெளிஞ்சிடும்."

பச்சைக் கட்டம் என்றதும் வாசலில் நின்ற ஒரு தவளை திரும்பிப் பார்த்தது. தணிகாசலம் எழுந்து பெட்டியின் மூடியைத் தாமே மூடினார். பிறகு பொறுமையாக எடுத்துச் சொன்னார். இயந்திரம் பத்து வருஷம் உழைக்கும் என்று ஃபைலில் இருக்கிறது. ஆனது நாலு வருஷம். இப்போதே பழுதாக அதற்கு அதிகாரம் இல்லை. கோடு பழுது என்றால் குளங்களும் பழுது. குளங்கள் பழுது என்றால் பதிவு பொய். பதிவு பொய்யாக இருக்க முடியாது, ஏனென்றால் அது பதிவு. புதுக் கார்டு வேண்டுமானால் ராஜா உத்தரவு போடவேண்டும். ராஜா வியாழக்கிழமை வரைபடம் அசைக்க வருகிறார். அப்போது மனுக் கொடுக்கலாம்.

வெளியே வந்ததும் காத்தாயி அருமைநாயகத்தின் மேல் எரிந்து விழுந்தாள். நாலு சோதனை செய்து நாலுக்கும் அந்த ஆள் சாட்சி சேர்த்துக்கொண்டான், இதற்கு உம்மைக் கூப்பிடாமலே இருந்திருக்கலாம் என்றாள். அவர் வருத்தப்படவில்லை. வேறு எதையோ யோசித்துக்கொண்டிருந்தார்.

"தங்கச்சி, மறுபடி போட்டப்ப வரைபடம் மேலேருந்து மெதுவா இறங்கி வந்து உக்காந்ததைப் பாத்தியா? கோடு அதோட சேந்து வரல. அது இருந்த இடத்துலயே இருந்துச்சு. கோடு உன் வீட்டு மேல இல்ல, கண்ணாடி மேல இருக்கு. உன் வீடு போயி அதுக்கடியில மாட்டிக்கிச்சு."

காத்தாயி நின்றாள். "அப்ப வேற வீடு வந்து மாட்டுனா?"

"அந்த வீட்டு மேல கோடு."

அதற்குப் பிறகு அவள் வழிநெடுக ஒன்றும் பேசவில்லை. சந்தையில் அவள் இப்படி மௌனமாக இருந்தால் கரடிகூடக் கடையைக் கட்டிவிடும்.

வியாழக்கிழமை விடிந்ததிலிருந்து மழை. நல்ல கதையாக இருந்தால் இந்த இடத்தில் மழை பயிருக்கு உதவும். இந்தக் கதையில் அது கார்டைக் குளிரவைத்தது. மேளம் கொட்டி, ராஜா வந்து உட்கார்ந்து, தணிகாசலம் கம்ப்யூட்டரைப் போட்டபோது திரை கழுவிவிட்டதுபோல் இருந்தது. கள்ளிமேடு தெரிந்தது, வளை தெரிந்தது, கோட்டைக் காணோம்.

பாரு, போயிடுச்சு என்று அருமைநாயகம் அவள் காதில் சொன்னார். குரலில் அவ்வளவு சந்தோஷம். அவர் எந்திரங்களோடு மட்டும் பழகியவர்.

காத்தாயி தணிகாசலத்திடம் போய், திரையில் சாலை இல்லை, நோட்டீஸை ரத்து செய்யுங்கள் என்றாள். தணிகாசலம் சீல் வைத்த தாளை எடுத்து விரித்தார். சிவப்புக் கோடு பளிச்சென்று இருந்தது. தாள் வெறும் நகல் என்று நீங்கள்தானே சொன்னீர்கள் என்று கேட்டாள்.

"சீல் வைக்கிற வரைக்கும்தான் நகல்" என்றார்.

கூட்டத்தின் ஓரத்தில் கான்ட்ராக்டர் யானை நின்றுகொண்டிருந்தது. நாளைக்கு எத்தனை மணிக்கு வரட்டும் என்று அது பொதுவாக யாரையோ கேட்டது.

காத்தாயிக்கு அப்போதுதான் கணக்குப் புரிந்தது. கோடு போய்விட்டால் சண்டையிட எதிரி கிடையாது. தாள் மட்டும் ஜெயித்துவிடும். திங்கட்கிழமையிலிருந்து எந்தக் கோடு ஒழியவேண்டும் என்று அலைந்தாளோ, அந்தக் கோடு இப்போது வந்தாக வேண்டும். அதுவும் உடனே, ராஜா இருக்கும்போதே.

எல்லோரும் ராஜாவைப் பார்த்துக்கொண்டிருக்க, அவள் மேஜைக்குப் பின்பக்கம் நுழைந்தாள். முயல் தன் வயிற்று மயிரைப் பிடுங்கித்தான் குட்டிகளுக்கு மெத்தை போடும். அதில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. அதையும் பிடுங்கினாள். சுருட்டிப் பெட்டியின் கம்பி இடுக்கு வழியாக உள்ளே திணித்தாள். ஃபேன் ஒருதரம் இருமிவிட்டு நின்றது.

இனி சூடேற நேரம் வேண்டும். நேரத்தை உண்டாக்குவதற்கு ஆபீஸைவிடச் சிறந்த இடம் உலகத்தில் இல்லை. ராஜா வரைபடத்தை அசைக்கும் முன்பு மனுக்கள் முழுமையாக வாசிக்கப்படவேண்டும் என்று விதி இருக்கிறதா இல்லையா என்று காத்தாயி சபையில் கேட்டாள். இருக்கிறது என்று தணிகாசலம் பெருமையோடு சொன்னார். அவள் ஏழாம் நம்பர் படிவத்தைக் கொடுத்தாள். இரண்டு பக்கமும் நிரப்பியிருந்தாள்.

தணிகாசலம் பிடித்ததை விடுகிறவர் இல்லை. தலைப்பிலிருந்து தொடங்கி வாசித்தார். பெயர், இனம், வால் நீளம், நிரந்தர வளை, தற்காலிக வளை. பொருந்தாததை அடிக்கவும் என்பதையும் வாசித்தார். அலுவலக உபயோகத்துக்கு மட்டும் என்ற காலிக் கட்டத்தையும், காலி என்று வாசித்தார். ராஜா இரண்டு தடவை கொட்டாவி விட்டார். முன்வரிசையிலிருந்த மான்கள் இரண்டு தடவையும் பின்வரிசைக்குப் போய் வந்தன. தங்கள் உண்மையுள்ள என்ற இடத்துக்கு வரும்போது பெட்டியிலிருந்து லேசாகக் கருகல் வாடை வந்தது. திரையின் நடுவில் ரோஸ் கோடு இறங்கியது.

ராஜா எழுந்தார். செம்பை எடுத்தார்கள். எப்போதும்போல் வரைபடத்தை ஒரு சாண் நகர்த்திவிட்டுச் சாப்பிடப் போகிற அவசரத்தில் இருந்தார். காத்தாயி முன்னால் போய் விழுந்து கும்பிட்டாள். நாலு வருஷமாகத் திரையில் யார் யார் வீட்டையோ பார்த்துவிட்டோம், ராஜாவின் குகையை ஒருமுறையாவது பார்க்கும் பாக்கியம் இந்த ஜனங்களுக்குக் கிடைக்கவில்லை என்றாள். பொருளை விற்கத் தெரிந்தவளுக்குப் புகழ்ச்சியையும் விற்கத் தெரியும். ஜனங்கள், கேட்டுக்கொள்ளப்படாமலே, ஆமாம் ஆமாம் என்றார்கள்.

ராஜா பிடரியைச் சிலிர்த்துக்கொண்டார். மவுஸில் பாதம் வைத்து வரைபடத்தை இழுத்தார். கள்ளிமேடு நகர்ந்து போனது. ஓடை வந்தது, மூங்கில் காடு வந்தது, குகை வந்தது. கோடு மட்டும் நகரவில்லை. இருந்த இடத்திலேயே இருந்தது. குகை வந்து அதற்கு அடியில் நின்றது, சரியாக ராஜா படுக்கிற இடம். கருகல் வாடை கூடியது. குகையைச் சுற்றியும் குகைக்குள்ளும் பச்சைச் சதுரங்கள் ஒவ்வொன்றாகப் பூத்தன. ஏழு.

பின்வரிசையில் ஏதோ சலசலப்பு.

"அது என்ன சத்தம்?" என்றார் ராஜா.

எட்டிப் பார்த்து யானை பதில் சொன்னது. "தவளைங்க, ராஜா. மூட்டை கட்டுதுங்க. குகையில ஏழு குளம் ஒதுக்கியிருக்காம்."

ராஜா தணிகாசலத்தின் பக்கம் திரும்பினார். "இது என்ன கோடு?"

உடும்புக்கு நாக்கு நுனி இரண்டாகப் பிளந்திருக்கும். ஒரு நுனியில் சாலை என்ற சொல் தயாராக இருந்தது. நாலு நாளாக அதைத்தான் சொல்லியிருந்தார். தணிகாசலம் ராஜாவின் பற்களைப் பார்த்தார். மறு நுனியால் பேசினார்.

"பழுது, ராஜா. கிராபிக்ஸ் கார்டு. ஒரு இடம் வெந்துபோச்சு. சூடானா கோடு போடும், இன்னும் சூடானா பச்சைக் கட்டம் போடும். இது சாகப்போற கார்டு."

எல்லாம் தன்னுடைய வாக்கியங்கள் என்று அருமைநாயகத்துக்குப் பெருமையாக இருந்தது. தலையாட்டிக்கொண்டார்.

வரைபடத்தைப் பழைய இடத்துக்கே தள்ளு என்றார் ராஜா. இந்த வருஷத்து அசைவு முடிந்துவிட்டது, இரண்டாம் தடவை அசைக்க ராஜா போட்ட சட்டத்திலேயே இடமில்லை என்று தணிகாசலம் தயக்கத்தோடு நினைவூட்டினார். அப்படியானால் இந்தக் கோடு ஒரு வருஷம் என் படுக்கை மேல் கிடக்குமா என்று கேட்டார் ராஜா. உடனே காகம் டவுனுக்குப் பறந்தது. மதியத்துக்குள் புதுக் கார்டு வந்து சேர்ந்தது. கேட்டால் பத்து வருஷம் ஆகும் பொருள். கேட்டது ராஜா என்பதால் பாதி நாள் ஆனது.

அருமைநாயகம்தான் மாட்டினார். பெட்டியைத் திறந்து பழைய கார்டை வெளியே எடுக்கும்போது ஃபேனில் சிக்கியிருந்த வெள்ளை மயிர்ச் சுருள் அவர் அலகில் வந்தது. அவர் அதைப் பார்த்தார். காத்தாயியின் வெறும் வயிற்றைப் பார்த்தார். சுருளை இறக்கைக்கு அடியில் செருகிக்கொண்டார்.

என்ன அது என்று தணிகாசலம் கேட்டதற்கு, ஒட்டடை என்றார். அவர் வாழ்க்கையில் சொன்ன முதல் பொய் அது. சுமாராகத்தான் சொன்னார், தணிகாசலத்தின் கண் காத்தாயியின் வயிற்றில் ஒரு நொடி நின்றுவிட்டு நகர்ந்தது.

திரை தெளிந்தது. கோடு இல்லை, கட்டம் இல்லை. ராஜா தன் குகையை ஒருமுறை ரசித்துப் பார்த்துவிட்டு, பழுதுக்கு யார் காரணம் என்று சாயங்காலத்துக்குள் எழுத்தில் வரவேண்டும் என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார்.

கூட்டம் கலைந்த பிறகு காத்தாயி ஜன்னலுக்குப் போனாள். கோடு பழுது என்று உங்கள் வாயாலேயே சொல்லிவிட்டீர்கள், என் நோட்டீஸை ரத்து செய்யுங்கள் என்றாள்.

தணிகாசலம் திரையைக் காட்டினார். திரையில் இருப்பது ராஜாவின் குகை. கள்ளிமேடு திரைக்கு வெளியே போய்விட்டது. திரைக்கு வெளியே இருக்கும் இடம் பற்றி இனி ஒரு வருஷத்துக்கு எந்த அலுவலும் நடக்காது. எதையும் ரத்து செய்ய முடியாது. சீல் வைத்த தாள் அப்படியே நிற்கும். யானை நாளைக்கு வரும்.

காத்தாயி ஜன்னல் கட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

அப்போது தணிகாசலம் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து வைத்தார். பழுது என்று எழுதினால் காரணம் எழுதவேண்டும், காரணம் என்றால் ஒரு பெயர் எழுதவேண்டும் என்றார். வயதை எழுத முடியாது, ஃபைல் இடம் கொடுக்காது. சூட்டை எழுத முடியாது, சூட்டுக்குக் காரணம் கேட்பார்கள். சிலபேர் வயிற்றில் திடீரென்று மயிர் குறைந்திருக்கிறது, அதையும் எழுதலாம். ஆனால் செவ்வாய்க்கிழமை ஒருவர் வந்து பெட்டியை மூன்று கொத்து கொத்தினார். வரிசையில் நின்ற அத்தனை பேரும் பார்த்தார்கள். சாட்சிக் கையெழுத்துக்கு ஒருவர் இருந்தால் போதும்.

காத்தாயியின் காதுகள் மெதுவாக நிமிர்ந்தன. கடைசியில் அந்த ஆள் ஒரு விலை சொல்லிவிட்டான். விலை சொல்லிவிட்டால் அது சந்தை. சந்தை அவளுக்குத் தெரிந்த இடம்.

நோட்டீஸ் ரத்து ஆகவேண்டும் என்று தொடங்கினாள். ரத்து கிடையாது என்றார் அவர். ஒத்திவைப்பு? கிடையாது. அப்படியானால் சாலை போட்டு முடிந்துவிட்டதாக எழுதுங்கள் என்றாள். முடிந்த வேலைக்கு யாரும் மறுபடி வரமாட்டார்கள். திரைக்கு வெளியே இருப்பதால் யாரும் போய்ப் பார்க்கவும் முடியாது. உங்கள் பதிவும் பொய்யாகாது. தணிகாசலம் இதைக் கொஞ்சநேரம் மென்றார். யானையைக் கூப்பிட்டுக் கேட்டார். உழைக்காமல் முடிந்த வேலையை யானை இதுவரை கேள்விப்பட்டதில்லை. மிகவும் நல்ல சாலை என்று உடனே சொன்னது.

அருமைநாயகம் வாசலில் தன் சாமான்களை மூட்டை கட்டிக்கொண்டிருந்தார். எல்லாம் அவர் காதில் விழுந்தது.

காத்தாயி இரண்டு தாளில் கையெழுத்துப் போட்டாள். ஒன்று, சாலை தரமாக இருக்கிறது என்று பயனாளி கொடுக்கும் சான்று. இன்னொன்று, மரங்கொத்தி கொத்தியதால் கார்டு பழுதானதை நேரில் கண்டதாகச் சாட்சி. போட்டுவிட்டு வாசலுக்கு வந்தாள். அவர் முகத்தைப் பார்க்காமல் பேச முயன்றாள். பிறகு பார்த்தே பேசினாள்.

"அண்ணே, உங்களுக்கு இறக்கை இருக்கு. எனக்கு நாலு குட்டி இருக்கு."

அருமைநாயகம் மூன்று தடவை கொத்திக் கேட்பதுபோல் தலையைச் சாய்த்துக் கொஞ்சம் நின்றார். பிறகு இறக்கைக்கு அடியிலிருந்து மயிர்ச் சுருளை எடுத்து அவள் காலடியில் வைத்தார்.

"மழை விடல. குட்டிங்களுக்குப் போட்டு விடு" என்றார்.

சர்க்கார் சொத்தைக் கொத்திய குற்றத்துக்காக அவர் அந்தக் காட்டை விட்டு வெளியேற்றப்பட்டார். உத்தரவு கைக்கு வரும் முன்பே ஓடைக்கு அந்தப் பக்கம் பறந்து போய்விட்டார். அவர் வெளியேற்றத்துக்குத் தனியாக ஒரு படிவம் இருந்தது. அதைத் தணிகாசலம் அவர் சார்பில் நிரப்பினார்.

வெள்ளிக்கிழமை யானை வந்தது. கள்ளிச்செடிகளுக்கு இப்பால் நின்று, வளையைத் தூரத்திலிருந்து பார்த்து, சாலை நன்றாக வந்திருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனது. அடுத்த வாரம் குட்டிகள் ஒவ்வொன்றாகக் கண் திறந்தன. அந்தக் காட்டின் மிக அகலமான சாலையின் நட்ட நடுவில் அவை இன்றுவரை சௌக்கியமாக வளர்ந்து வருகின்றன. தவளைகளுக்குக் குகையிலிருந்த ஏழு குளமும் ரத்தாகிவிட்டன. கள்ளிமேட்டுக் குளங்களில் அவை தொடர்ந்து நனைந்துகொண்டிருப்பதாகப் பதிவு சொல்கிறது.

நீதி: பழுது எங்கே என்று கண்டுபிடித்துச் சொல்பவரை மரியாதையோடு கூடவே வைத்துக்கொள்ளுங்கள். காரணம் என்ற கட்டத்தில் எழுத ஒரு பெயர் எப்படியும் தேவைப்படும்.